எந்தக் கலிவரை வாங்குவது?

பழைய புத்தகங்களை விற்கும் தளங்களில் ‘கலிவரின் பயணங்கள்’ என்று தேடிப் பாருங்கள். சில நூறு ரூபாய்ப் பிரதியும் பல லட்ச ரூபாய்ப் பிரதியும் ஒரே வரிசையில் வந்து நிற்கும். எல்லாவற்றின் மேலும் ‘அரியது’, ‘தொன்மையானது’, ‘சேகரிப்பாளர்களுக்கு ஏற்றது’ என்று ஒரே சீட்டு ஒட்டியிருக்கும். ஜோனதன் ஸ்விஃப்டின் இந்தப் பகடி நாவல் 1726இல் வெளிவந்தது. அதன்பின் யாராவது ஒருவர் அதை அச்சடித்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள். ஆகவே பழைய கலிவர் கிடைப்பது பெரிய காரியமே அல்ல. எந்தப் பழைய கலிவர் என்பதில்தான் பணமும் மனக்கசப்பும் இருக்கின்றன.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நாவலைப் பொறுத்தவரை, விலையில் உச்சத்தில் இருக்கும் பிரதியில் இருப்பது ஆசிரியருக்குப் பிடிக்காத பாடம், அதாவது அச்சான வாசகம். ஆசிரியரின் கை பட்ட பாடம் வேறொரு ஊரில், ஒன்பது ஆண்டு கழித்து, வேறொருவர் அச்சடித்ததில் இருக்கிறது. அழகான படங்கள் அதற்கும் நூற்றுச் சொச்சம் ஆண்டு கழித்து வந்தன. முதல் அச்சு, நம்பகமான பாடம், நல்ல படம் மூன்றும் ஒரே பிரதியில் கிடைக்காது. எதை விட்டுக்கொடுப்பீர்கள் என்று முடிவு செய்துகொண்டு பிறகு பணப்பையைத் திறப்பது நல்லது.

1726, லண்டன்: முதல் அச்சு

இந்தப் பதிப்பின் கதை தெரிந்தால்தான் அதன் விலையும் குறையும் புரியும். ஸ்விஃப்ட் அப்போது டப்ளினில் செயின்ட் பேட்ரிக் பேராலயத்தின் தலைமைக் குரு. 1724இல், வுட் என்பவர் அயர்லாந்துக்காக அடித்த செப்புக்காசை எதிர்த்துத் துணிவியாபாரி என்ற புனைபெயரில் கடிதங்கள் எழுதினார். எழுதியவரைக் காட்டிக்கொடுப்பவருக்கு 300 பவுண்டு பரிசு என்று அரசு அறிவித்தது. ஊருக்கே ஆள் யாரென்று தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்படிப்பட்ட அனுபவத்துக்குப் பிறகு, அமைச்சரவையையும் அரசவையையும் வறுத்தெடுக்கும் ஒரு நாவலைச் சொந்தப் பெயரில் கொடுக்க அவர் என்ன பைத்தியமா?

1726 ஆகஸ்டில் லண்டன் பதிப்பாளர் பெஞ்சமின் மோட்டுக்கு ரிச்சர்ட் சிம்ப்சன் என்ற பெயரில் ஒரு கடிதம் போனது. என் சித்தப்பா மகன் கலிவர் எழுதியது, 200 பவுண்டு கொடுத்தால் வெளியிடலாம் என்று அதில் இருந்தது. கையெழுத்துப் பிரதி வேறொருவர் கையால் படியெடுக்கப்பட்டு, வாடகைக் குதிரைவண்டியிலிருந்து இருட்டில் மோட்டின் வீட்டில் போடப்பட்டது. அக்டோபர் 28ஆம் தேதி இரண்டு தொகுதிகளாகப் புத்தகம் வெளிவந்தது. விலை எட்டரை ஷில்லிங். முதல் அச்சு ஒரே வாரத்தில் தீர்ந்தது.

இதில் வாங்குபவருக்கு உடனே பயன்படும் சேதி ஒன்று உண்டு. 1726இன் தலைப்புப் பக்கத்தில் ஸ்விஃப்டின் பெயர் கிடையாது. ‘உலகின் தொலைதூர நாடுகள் பலவற்றுக்குப் பயணங்கள்’ என்ற தலைப்பும், முதலில் அறுவை மருத்துவராகவும் பின்பு பல கப்பல்களின் தலைவராகவும் இருந்த லெமுவல் கலிவர் என்ற பெயரும்தான் இருக்கும். ஆண்டு ரோமன் எழுத்தில் இருக்கும். தலைப்புப் பக்கத்தின் புகைப்படத்தில் ஸ்விஃப்டின் பெயர் தெரிந்தும் ‘1726 முதல் பதிப்பு’ என்று ஒருவர் விற்றால், அவரிடம் மேற்கொண்டு பேசவேண்டிய தேவை இல்லை.

அடுத்த சிக்கல் நுட்பமானது. அந்த ஆண்டு முடிவதற்குள் மோட் மூன்று முறை அச்சுக்கோத்து அடித்தார். மூன்றிலும் தலைப்புப் பக்கத்தில் 1726தான். ஸ்விஃப்டின் நூல்களுக்கு அட்டவணை தயாரித்த ஹெர்மன் டீரிங்க் இவற்றுக்கு வந்த வரிசையில் ஏ, ஏஏ, பி என்று பெயர் வைத்தார். அட்டவணை எண்கள் 289, 290, 291. ஏலக்காரர்கள் இன்றும் இந்த எண்களையே சொல்வார்கள். விற்பனைக் குறிப்பில் 1726 என்று மட்டும் போட்டு டீரிங்க் எண்ணைச் சொல்லாதவர் ஒன்று விஷயம் தெரியாதவர், அல்லது தெரிந்து மறைப்பவர். ஏ பிரதிக்கும் பி பிரதிக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் உண்டு.

முகப்புப் படமும் இரண்டு நிலைகளில் வந்தது. கலிவரின் உருவத்துக்குக் கீழே உள்ள பலகையில் ரெட்ரிஃப் ஊர்க்காரர், வயது 58 என்று பொறித்திருந்தால் முந்தையது. பெயர் நீள்வட்டச் சட்டத்தைச் சுற்றி ஓடி, பலகையில் லத்தீன் மேற்கோள் இருந்தால் பிந்தையது. முகப்புப் படம் ஒன்று, நிலப்படங்கள் நான்கு, விளக்கப்படங்கள் இரண்டு என மொத்தம் ஏழும் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். முன்னூறு ஆண்டுகளில் யாரோ ஒரு பிள்ளை, குட்டி மனிதர்களின் நாடான லில்லிபுட்டின் நிலப்படத்தைக் கிழித்துச் சுவரில் ஒட்டியிருக்க வாய்ப்புண்டு. இல்லாத தாளுக்குப் பதில் நகல் தாள் செருகியிருப்பதும் வழக்கம்தான். அதில் தவறில்லை, விற்பவர் சொல்லிவிட்டு விற்றால்.

ஒட்டுச் சோடி என்று ஒன்று இருக்கிறது. முதல் தொகுதி ஏ, இரண்டாம் தொகுதி பி. இரண்டுக்கும் பின்னாளில் ஒரே மாதிரி தோல் கட்டுப் போட்டு இரட்டைப் பிள்ளைகள் ஆக்கிவிடுவார்கள். வெளியே பார்த்தால் தங்க எழுத்தில் ஜோராக இருக்கும். சேகரிப்பாளர் அதற்குப் பாதி விலைகூடத் தரத் தயங்குவார். சிலருக்கு இதுவே வாய்ப்பு. 1726இல் மோட்டின் கடையில் விற்ற தாள் கையில் இருந்தால் போதும் என்பவர் ஒட்டுச் சோடியைப் பேரம் பேசி வாங்கலாம். மறுபடி விற்கும்போது லாபம் வருமென்று மட்டும் எதிர்பார்க்கக் கூடாது.

இனி பாடத்தின் கதை. மோட்டுக்குப் பயம். சிறைக்குப் போகப்போவது பெயரில்லாத ஆசிரியர் அல்ல, பெயர் போட்ட பதிப்பாளர். வழக்கறிஞர்களையும் அமைச்சர்களையும் பற்றிய கூர்மையான வரிகள் மழுங்கடிக்கப்பட்டன. மூன்றாம் பாகத்தில் சதிவழக்கு ஜோடிப்பவர்களைப் பற்றிய பகுதி பட்டும் படாமலும் மாற்றப்பட்டது. நான்காம் பாகத்தில் ஆன் அரசிக்கு ஒரு புகழாரம் முளைத்தது. ஸ்விஃப்ட் கொதித்துப்போனார். அவருடைய நண்பர் சார்ல்ஸ் ஃபோர்டு 1727 ஜனவரியில் மோட்டுக்குப் பிழைப்பட்டியல் அனுப்பினார். பிழைகள் என்று அவர் பணிவாக எழுதினாலும், பாதி குற்றச்சாட்டு. அந்த ஃபோர்டு திருத்தி வைத்த பிரதி இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆக, ஏ பிரதிக்குப் பல பத்தாயிரம் பவுண்டு கொடுப்பவர் வாங்குவது ஒரு நிகழ்வின் சாட்சியை. அந்த வாரத்தில் லண்டன் காப்பிக்கடைகளில் கைமாறிய அதே பொருள் அது. எனக்கு அதில் மரியாதை உண்டு. வசதி இருந்தால் வாங்கலாம், வாசிப்பதற்கென்று வாங்கவேண்டாம்.

1727இல் மோட் ‘இரண்டாம் பதிப்பு’ என்று ஒன்று போட்டார். ஃபோர்டின் பட்டியலில் இருந்த சின்னத் திருத்தங்கள் அதில் ஏறின; பெரிய வெட்டுகள் அப்படியே கிடந்தன. 1726 என்ற மந்திர எண் இல்லாததால் விலை சட்டென்று இறங்கிவிடும். அதே பதிப்பாளர், அதே காலத்துத் தாள், கொஞ்சம் மேலான பாடம். 1726 பி பிரதியையும் இதையும் பக்கத்தில் வைத்தால் நான் இதைத்தான் எடுப்பேன். ஏலக்கூடத்தில் என் பக்கம் ஆள் குறைவு என்பதும் தெரியும்.

1735, டப்ளின்: ஆசிரியர் பக்கத்துப் பாடம்

ஜார்ஜ் ஃபாக்னர் டப்ளின் அச்சுக்காரர். இங்கிலாந்தின் பதிப்புரிமைச் சட்டம் அன்று அயர்லாந்தைக் கட்டுப்படுத்தாது. லண்டன் புத்தகத்தை டப்ளினில் யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். 1726லேயே ஜான் ஹைட் என்பவர் டப்ளினில் கலிவரை அடித்துவிட்டார். ஃபாக்னர் 1735இல் ஸ்விஃப்டின் படைப்புகளை நான்கு தொகுதிகளாகச் சந்தா முறையில் கொண்டுவந்தார். மூன்றாம் தொகுதிதான் கலிவர். ஸ்விஃப்ட் வெளியே தனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் காட்டிக்கொண்டாலும் திருத்தங்களில் அவர் பங்கு இருந்தது என்பதே ஆய்வாளர்களில் பெரும்பாலோர் கருத்து. மோட் மழுங்கடித்த இடங்கள் மறுபடி கூர்மையாயின. ஆன் அரசியின் புகழாரம் போயிற்று. முன்னால் ஒரு புதிய கடிதம் சேர்ந்தது: கலிவர் தன் உறவினர் சிம்ப்சனுக்கு எழுதியதாக, என் புத்தகத்தைக் கெடுத்துவிட்டாயே என்று. பதிப்பாளரைத் திட்டுவதையும் பாத்திரத்தின் வாயால் செய்கிற சாமர்த்தியம் ஸ்விஃப்டுக்கே உரியது.

இதிலும் ஒரு முகப்புப் படம் உண்டு. கலிவரின் உருவத்துக்குக் கீழே ரோமக் கவி ஹோரஸின் இரண்டு லத்தீன் சொற்கள். சிறப்பாகப் பொய் சொல்பவர் என்று பொருள். 1726இல் பயணநூல் என்று நம்பச் செய்யும் வேடம்; 1735இல் வேடத்தைக் கலைக்காமலே கண்சிமிட்டல்.

லண்டனில் மோட் நீதிமன்றம் போய் இந்தப் பதிப்பை இங்கிலாந்தில் விற்கத் தடை வாங்கினார். ஏலங்களில் முழுத் தொகுப்பாக நான்கு தொகுதிகளும் வரும்போது விலை கணிசமானது, ஆனாலும் ஏ பிரதிக்குப் பக்கத்தில் அது சின்னத் தொகை. மூன்றாம் தொகுதி மட்டும் தனியே பிரிந்து வந்தால் அதைவிடக் குறைவு. படைபிரிந்த ஒற்றைத் தொகுதியைச் சேகரிப்பாளர்கள் ஏளனமாகப் பார்ப்பார்கள். கலிவர் விஷயத்தில் அந்த ஏளனம் நமக்கு நல்லது, ஏனென்றால் நாவல் முழுவதும் அந்த ஒரே தொகுதியில் அடங்கிவிட்டது. மற்ற மூன்றும் இல்லாமல் ஒன்றும் குறையாது.

இங்கே ஒன்றைச் சொல்லியாகவேண்டும். ஃபாக்னர் பதிப்பும் முழுமை அல்ல. மூன்றாம் பாகம் மூன்றாம் அத்தியாயத்தில், பறக்கும் தீவின் அரசனை எதிர்த்து லிண்டலினோ என்ற நகரம் கிளர்ந்தெழும் சில பத்திகள் உண்டு. வுட்டின் காசை எதிர்த்த டப்ளின்தான் அந்த நகரம் என்பது யாருக்கும் விளங்கும். அதை மோட்டும் அடிக்கவில்லை, ஃபாக்னரும் அடிக்கவில்லை. அச்சில் முதன்முதலாக வந்தது 1899இல். பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரதி எதை வாங்கினாலும், எவ்வளவு கொடுத்தாலும், அந்தப் பத்திகள் உங்களுக்குக் கிடைக்காது. பக்கத்தில் ஒரு மலிவான இன்றைய பதிப்பும் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு: கவனம் தேவைப்படும் இடம்

தளங்களில் ‘தொன்மையான கலிவர்’ என்று கிடைப்பதில் மிகப்பெரும் பங்கு விக்டோரியா காலத்துத் துணிக்கட்டுப் பிரதிகள். அட்டையில் தங்க வேலைப்பாடு, கட்டிப்போடப்பட்ட கலிவர், சுற்றிலும் குட்டி மனிதர்கள். பல பிரதிகளில் ஆண்டே அச்சிட்டிருக்காது. பள்ளிப் பரிசாகக் கொடுத்த குறிப்பு முன்தாளில் இருந்தால் அதிலுள்ள தேதியை வைத்துக் காலத்தை ஓரளவு ஊகிக்கலாம்.

இவற்றின் பெரிய குறை வயதில் இல்லை. உள்ளே இருப்பது பெரும்பாலும் சிறுவர்களுக்காகச் சுத்தம் செய்யப்பட்ட கதை. லில்லிபுட், ராட்சதர்களின் நாடான பிராப்டிங்நாக் இரண்டோடு முடித்துவிடுவார்கள். பறக்கும் தீவும் குதிரைகளின் நாடும் காணாமல் போயிருக்கும். பகடியின் நஞ்சு முழுவதும் இருப்பது அந்தப் பின்பாதியில். எனவே விற்பவரிடம் மூன்று புகைப்படங்கள் கேளுங்கள். ஒன்று, பொருளடக்கப் பக்கம்: நான்கு பாகங்களும் உண்டா? இரண்டு, முதல் பாகத்தின் ஐந்தாம் அத்தியாயம்: அரசியின் மாளிகையில் பிடித்த தீயைக் கலிவர் எப்படி அணைக்கிறார்? சிறுநீர் கழித்து அணைத்தால் அது ஸ்விஃப்ட். வேறு எப்படியாவது அணைத்தாலும், தீயே பிடிக்காவிட்டாலும், அது வேறு யாரோ. மூன்று, இரண்டாம் பாகத்தில் அரண்மனைத் தோழிப் பெண்களோடு கலிவர் படும் பாடு. இதுவும் ஐந்தாம் அத்தியாயம்தான், இதுவும் அடிக்கடி கத்தரி விழும் இடம். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். பணத்தையும் மிச்சப்படுத்தும்.

இந்தக் கூட்டத்தில் தனியே எடுத்துச் சொல்லவேண்டியது கிராண்வில் படங்கள் போட்ட பதிப்பு. பிரெஞ்சு ஓவியரான அவர் 1838இல் பாரிஸில் வந்த மொழிபெயர்ப்புக்கு நூற்றுக்கணக்கான மரச்செதுக்குப் படங்கள் வரைந்தார். 1840இல் லண்டனில் ஆங்கிலப் பதிப்பும் வந்தது. மனிதனையும் விலங்கையும் கலந்து வரைவதில் அவர் மன்னர். குதிரைகள் சபை கூடி உட்கார்ந்திருக்கும் நாட்டுக்கு அவரைவிடப் பொருத்தமான கை இல்லை. பின்வந்த பலர் அவருடைய படங்களைத் திரும்பத் திரும்ப அடித்திருக்கிறார்கள். தேய்ந்த கட்டையில் அடித்த பிந்தைய பிரதியில் கோடுகள் தடித்து, நிழல்கள் கறுத்துத் தெரியும். ஆண்டைப் பார்த்து வாங்குங்கள்.

1894இல் மேக்மில்லன் வெளியிட்ட சி. இ. பிராக் படப் பதிப்பும் நல்ல வாங்குதல்தான். கோட்டோவியங்கள், நிதானமான அச்சு, எளிதில் கிடைக்கும். அதற்கு மேல் அதைப் பற்றி எனக்குப் பேச ஒன்றுமில்லை.

1909 ராக்கம், பிறகு தனிப்பதிப்பகங்கள்

ஆர்தர் ராக்கம் முதலில் 1900இல் டென்ட் நிறுவனத்தின் சிறுவர் வரிசைக்காகக் கலிவருக்குப் படம் போட்டார். 1909இல் அதே நிறுவனம் அதைப் பெரிதாக்கி, வண்ணப் படங்கள் சேர்த்து மறுபடி கொண்டுவந்தது. இரண்டு வடிவம்: ராக்கம் கையெழுத்திட்ட, எண்ணிட்ட 750 பிரதிகள் ஒன்று, கடைகளுக்குப் போன சாதாரணப் பிரதி மற்றொன்று. கையெழுத்துப் பிரதி பல மடங்கு விலை. படங்கள் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. கையெழுத்துக்கு மட்டும் அந்த வித்தியாசத்தைக் கொடுப்பது எனக்கு ஏற்கவில்லை. ராக்கம் சேகரிப்பவர்கள் சண்டைக்கு வரலாம்.

சாதாரணப் பிரதியில் 12 வண்ணப் படங்களும் இருக்கின்றனவா என்று எண்ணவேண்டும். ராக்கம் படங்களைக் கத்தரித்துச் சட்டம் போட்டு விற்பது ஒரு தனித் தொழில், ஆகவே ஒன்றிரண்டு குறைந்த பிரதிகள் சந்தையில் நிறைய. நான்கு பயணங்களும் உண்டு, ஆனால் சிறுவர் வரிசையில் பிறந்த பதிப்பு என்பதால் அந்தத் தீயணைப்புச் சோதனையை இதற்கும் செய்துவிடுங்கள்.

குறைந்த எண்ணிக்கையில் அழகுக்காகவே அச்சிடும் தனிப்பதிப்பகங்களின் கலிவர்கள் வேறு உலகம். 1925இல் கோல்டன் காக்கரல் அச்சகம் டேவிட் ஜோன்ஸின் மரச்செதுக்குகளோடு இரண்டு தொகுதி போட்டது, 480 பிரதிகள். 1930இல் கிரெசட் அச்சகம் ரெக்ஸ் விஸ்லரின் படங்களோடு கொண்டுவந்தது. கைத்தாளில் 195, பதனிட்ட தோலில் 10. விஸ்லரின் படங்களைச் சுற்றியுள்ள அலங்காரச் சட்டங்களுக்காகவே அதை இருபதாம் நூற்றாண்டின் மிக அழகான புத்தகங்களில் ஒன்றாகச் சொல்பவர்கள் உண்டு. நானும் சொல்வேன். விலை 1735 ஃபாக்னரோடு போட்டி போடும். அமெரிக்காவின் லிமிடெட் எடிஷன்ஸ் கிளப் 1929இல் தன் முதல் புத்தகமாகத் தேர்ந்தெடுத்ததும் கலிவர்தான்: அலெக்சாண்டர் கிங் படங்கள், 1,500 பிரதிகள். எண்ணிக்கை அதிகம் என்பதால் இன்றும் தாங்கக்கூடிய விலையில் கிடைக்கிறது. எண்ணிட்ட, கையெழுத்திட்ட புத்தகம் ஒன்று வேண்டும், லட்சங்கள் இல்லை என்பவருக்கு இது தோதாக இருக்கும்.

ஈஸ்டன் பிரஸ், பிராங்ளின் லைப்ரரி தோல் கட்டுகளைப் பற்றி இரண்டு வரி போதும். பக்க ஓரமெல்லாம் தங்கம், முதுகில் புடைப்பு, பட்டுக் குறிநாடா. அலமாரியில் கம்பீரம். ஆனால் ஐம்பது வயதுகூட ஆகாத பல பிரதிகளைப் பழமை என்று விற்கிறார்கள். பரிசாகக் கொடுக்க நல்லது, முதலீடாக நினைக்கவேண்டாம்.

நம் ஊர் ஈரமும் தாளும்

வயது கூடக் கூடப் புத்தகம் பலவீனமாகும் என்று நினைப்போம். தாள் விஷயத்தில் அது தலைகீழ். 1726, 1735இன் தாள் கந்தல்துணியைக் கூழாக்கிக் கையால் செய்தது. இன்றும் விரலில் முறுக்கோடு நிற்கும். 1870களுக்குப் பிந்திய மலிவுப் பதிப்புகளில் மரக்கூழ் வந்துவிட்டது. அந்தத் தாளில் தங்கும் அமிலம் அதையே பழுப்பாக்கி நொறுக்கிவிடும். பரிசுப் புத்தகங்களில் பாதிக்குமேல் இந்த ரகம். அனுப்பும்போதே ஓரம் உதிர்ந்து வந்து சேரலாம். விற்பவரிடம் தாள் மடிக்கும்போது முறிகிறதா என்று கேட்பது அநாகரிகம் அல்ல.

ராக்கம் பதிப்பின் வண்ணப் படங்கள் பூச்சுத் தாளில் அடித்தவை. சென்னை, நாகை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் மழைக்காலத்து ஈரம் ஏறினால் பூச்சுத் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் படம் போய்விடும். படத்துக்கு முன்னால் இருக்கும் மெல்லிய காப்புத்தாளை எறிந்துவிடாதீர்கள். பழைய கன்றுத்தோல் கட்டுக்கு வேறு நோய்: தோல் செந்தூளாக உதிரும், கீல் விடும். முதுகு மாற்றிக் கட்டியிருந்தால் சேகரிப்பு மதிப்பு குறையும், ஆயுள் கூடும். நம் தட்பவெப்பத்தில் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் நன்றாக முதுகு மாற்றிய பிரதியைக் குறைந்த விலையில் வாங்குவதே புத்திசாலித்தனம். ராமபாணப் பூச்சிக்குப் பழைய பசையும் மாவும் விருந்து; இறுக மூடிய கண்ணாடி அலமாரியைவிடக் காற்றோட்டமும் மாதம் ஒருமுறை புரட்டுதலும் மேல். நாப்தலின் உருண்டை மணத்தைப் பார்த்து எல்லாம் சரி என்று இருந்துவிடாதீர்கள்.

எங்கே, எப்படி

ஏலத்தில் சுத்தியல் விழும் விலை கடைசி விலை அல்ல. வாங்குபவர் கட்டணம் கால் பங்கோ அதற்கு மேலோகூட ஏறலாம், அதன்மேல் காப்பீடு, அஞ்சல். இங்கே வந்தபின் சுங்கம்: அச்சிட்ட புத்தகம் என்ற தலைப்பு வேறு, நூறாண்டு கடந்த தொல்பொருள் என்ற தலைப்பு வேறு. விலைச்சீட்டில் எது எழுதப்படுகிறது என்று அனுப்புபவரிடம் முன்பே பேசிக்கொள்ளுங்கள். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. லண்டன் ஏலத்துக்கே திருப்பி அனுப்பி லாபம் பார்க்கலாம் என்ற கணக்கோடு வாங்குபவர்கள் இதை ஒரு வக்கீலிடம் கேட்டுவிட்டு இறங்கவும்.

ஐந்து இலக்கப் பவுண்டுச் சமாசாரம் என்றால் பிரிட்டனின் பழம்புத்தக வணிகர் சங்கமான ஏபிஏ அல்லது அத்தகைய சங்கங்களின் உலக அமைப்பான ஐலாப் உறுப்பினரான வணிகரிடம் போங்கள். சொன்னது ஒன்று வந்தது ஒன்று என்றால் திருப்பி எடுத்துக்கொள்ளும் கடப்பாடு அவர்களுக்கு உண்டு. உடைமை வரலாறும் கேளுங்கள். வட அயர்லாந்தின் ஆர்மா ராபின்சன் நூலகத்தில் ஸ்விஃப்ட் தன் கையால் திருத்தம் எழுதிய 1726 பிரதி இருக்கிறது. 1999இல் அதையே ஆயுதம் காட்டித் திருடிக்கொண்டு போனார்கள். நல்லவேளையாகப் பின்னால் மீட்கப்பட்டது. அவ்வளவு பெயர்போன பிரதிக்கே அந்தக் கதி என்றால், எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தயங்கும் பிரதியைத் தொடாமல் இருப்பதே நல்லது.

என் தேர்வு

சில ஆயிரம் ரூபாய் மட்டும் உண்டென்றால் பிராக் படப் பதிப்பு, அல்லது பதினெட்டாம் நூற்றாண்டில் பலமுறை வந்த ஸ்விஃப்ட் தொகுப்புகள் ஒன்றிலிருந்து பிரிந்துபோன கலிவர் தொகுதி. 1755இல் ஹாக்ஸ்வர்த் பதிப்பித்த தொகுப்பின் ஒற்றைத் தொகுதிகள் அடிக்கடி தலைகாட்டும். கந்தல்துணித் தாள், தோல் கட்டு, இருநூற்றைம்பது ஆண்டுக்கு மேல் வயது. விக்டோரியா காலத்துப் பளபளப்பு ஒன்றுக்குக் கேட்கும் தொகையில் இதுவே கிடைத்துவிடுவதுண்டு. சில பத்தாயிரம் என்றால், படம் வேண்டுபவருக்கு ராக்கம் சாதாரணப் பிரதி. லட்சங்களில் என்றால் நான் தயங்காமல் ஃபாக்னர் மூன்றாம் தொகுதிக்குப் போவேன், 1726 பி பிரதிக்கு அல்ல. பணம் ஒரு பொருட்டே இல்லாதவருக்கு ஏ பிரதி. அவருக்கு என் யோசனை தேவையும் இல்லை.

சென்னைக்காரர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு காரணம். மூன்றாம் பாகத்தின் தொடக்கத்தில் கலிவர் ‘ஹோப்வெல்’ என்ற கப்பலில் 1707 ஏப்ரல் 11ஆம் தேதி செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு வந்து சேர்கிறார். மாலுமிகள் பலருக்கு உடம்பு சரியில்லாததால் மூன்று வாரம் தங்கி, பிறகு இன்றைய வட வியட்நாமான டோங்கின் போகிறார். உண்மையான சரித்திரத்தில் அப்போது கோட்டையின் கவர்னர் வைரப் புகழ் தாமஸ் பிட். ஊரைப் பற்றி ஸ்விஃப்ட் ஒரு வரிகூட மேலே சொல்லவில்லை என்பது நமக்கு ஏமாற்றம்தான். சிறுவர் சுருக்கப் பதிப்புகளில் அந்த வரியும் இருக்காது, ஏனென்றால் மூன்றாம் பாகமே இருக்காது. விற்பவரிடம் கேட்கும் புகைப்படங்களில் அந்தப் பக்கத்தையும் நான்காவதாகச் சேர்த்துக்கொள்ளலாம்.